வீட்டுக்குள்ளேயே காணாமற்போகும் கணினிகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, அதிராம்பட்டினத்திலுள்ள என் நண்பரின் தென்னந்தோப்பு சாய்ந்ததோடு வீட்டுக்குள்ளும் மழைநீர் இறங்கியது. மரப்பெட்டியில் இருந்த பத்திரங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நிவாரணத்துக்காகப் பட்டா நகல்களைத் தேடி அலைந்த அந்த வாரங்களுக்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். குடும்பத்தின் ஆவணங்கள் எல்லாவற்றையும், பாஸ்போர்ட் முதல் மருத்துவ அறிக்கை வரை, ஸ்கேன் செய்து கீழ்த்தளத்து மேசைக் கணினியில் ஒரே கோப்புறையில் சேர்த்தார். மாடியில் குடியிருக்கும் மகளும் மருமகனும் தங்கள் மடிக்கணினியிலிருந்தே அதைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

சில வாரங்களுக்கு முன் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மாடி மடிக்கணினியில் கீழ்த்தளத்துக் கணினி தெரியவில்லை என்றார். நான் கணினி கற்பித்து ஓய்வுபெற்றவன். இத்தகைய அழைப்புகள் எனக்குப் புதியவை அல்ல. பட்டுக்கோட்டையிலிருந்து பேருந்தேறிப் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்பே சிகிச்சை நடந்து முடிந்திருந்தது. துபாயிலிருக்கும் மகன் ஒரு காணொலியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தெரிந்த இளைஞர் ஒருவர் கணினியின் தீயரணை முற்றிலும் அணைத்திருந்தார். எஸ்எம்பி1 என்னும் பழைய வசதியைத் தேடியெடுத்து மீண்டும் நிறுவியிருந்தார். ஆவணக் கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமல் எவரும் திறக்கவும் திருத்தவும் அனுமதித்திருந்தார். இத்தனைக்குப் பிறகும் கணினி தெரியவில்லை. வீட்டின் கதவுகளையெல்லாம் திறந்து வைத்தாயிற்று. தேடிய ஆள் மட்டும் வரவில்லை.

இந்த ஒரு வீட்டின் கதையாக இருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இதே மூன்று ‘தீர்வுகள்’ செய்யப்பட்டிருந்தன. பலவற்றில் அவை நோய்க்குத் தொடர்பே இல்லாதவை. ஆகவே ஒரு கணினி இன்னொரு கணினிக்கு எப்படித் ‘தெரிகிறது’ என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

விண்டோஸ் கணினியில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் திறந்தால் வீட்டிலுள்ள மற்றக் கணினிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். இந்தப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள்? பல்லாண்டுக் காலம் இதற்கு ஒரு வேடிக்கையான முறை இருந்தது. கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்தின. இது உவமையன்று, அதன் தொழில்நுட்பப் பெயரே ‘எலெக்‌ஷன்’தான். எந்தக் கணினியின் இயங்குதளம் புதியது, எது நெடுநேரமாக விழித்திருக்கிறது என்பன போன்ற தகுதிகளைப் பார்த்து ஒன்றைத் தலைமைப் பட்டியலாளராகத் தேர்ந்தெடுக்கும். மற்றவை சுமார் 12 நிமிடங்களுக்கு ஒருமுறை அதனிடம் ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் தவறினால்தான் பெயர் நீக்கப்படும். அதாவது, அணைத்துவிட்ட கணினியும் அரை மணி நேரத்துக்கு மேல் பட்டியலில் உயிரோடு இருக்கும். புதிதாக வந்த கணினி தன் பெயர் ஏறும்வரை காத்திருக்கும். நம் வாக்காளர் பட்டியலை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்து வளர்ந்த நமக்கு, கணினிகளும் சபை கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தன என்பது ஒருவகையில் மகிழ்ச்சி தரும் செய்திதான்.

ஆனால், இந்தத் தேர்தல் சபை எஸ்எம்பி1 என்ற பழைய அடித்தளத்தின் மீது அமர்ந்திருந்தது. எஸ்எம்பி என்பது கணினிகள் தமக்குள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ளும் மொழி. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்தது. ஓர் அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்புவார்கள் என்ற காலத்தில் பிறந்த மொழி அது. அதன் முதற்பதிப்பைக் கைவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர்களே 2016-இல் வெளிப்படையாக வேண்டினர். பெரும்பாலோர் கேட்கவில்லை.

2017 மே 12 அன்று கேட்க வேண்டியதாயிற்று. வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் அன்று பரவத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலருக்கு நிகரான பிட்காயின் கேட்டது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து கசிந்ததாகக் கருதப்படும் ஒரு கருவி அதற்கு உதவியது. அந்தக் கருவி பயன்படுத்திய ஓட்டை எஸ்எம்பி1-இல் இருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-இல், வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்கள் சிக்கினார்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. தொலைவில் நடந்த கதை என்று எண்ண வேண்டாம். ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும், கேரளத்தின் வயநாட்டில் ஓர் ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இதில் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வான்னாக்ரை ஒரு கணினிக்குள் புகுந்ததும், அதே வலையமைப்பில் அடுத்து யார் இருக்கிறார் என்று தானே தேடியது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. மாடியில் ஒன்று விழுந்தால் கீழே உள்ளதும் விழும். நம் வசதிக்காகத் திறந்து வைத்த வழியேதான் அதுவும் நடந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஏற்கெனவே எஞ்சியிருந்தாலும், 15 நாள்கள் பயன்படாவிட்டால் வீட்டுக் கணினிகளில் தானாகவே நீங்கிவிடும். அதோடு தேர்தல் சபையும் கலைந்தது. அடுத்த ஆண்டு, விண்டோஸ் 7 காலத்திலிருந்து பலருக்குப் பழகியிருந்த ‘ஹோம்குரூப்’ வசதியும் எடுக்கப்பட்டது. நேற்றுவரை தெரிந்த கணினிகள் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு மறைந்ததற்கான வரலாற்றுக் காரணம் இதுவே. பழையதை மீண்டும் நிறுவினால் சில வேளைகளில் பெயர்கள் திரும்பி வருவதும் உண்மைதான். அதனாலேயே அந்தக் காணொலிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இன்றைய முறையில் தலைவரும் இல்லை, பட்டியலும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானே தன் இருப்பை அறிவிக்க வேண்டும். விண்டோஸில் இதைச் செய்வது ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சேவை. பல கணினிகளில் இது எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ‘சர்வீசஸ்’ பட்டியலில் இதையும், இதற்கு மேலேயே நிற்கும் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட்’ என்பதையும் கணினியோடு தானாகவே, சற்றுத் தாமதித்துத் தொடங்கும்படி மாற்றிவிட்டால் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். எஸ்எம்பி1-ஐ நிறுவுவதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் குறைவு.

மீதிப் புகார்களில் பெரும்பங்கு ஒரு சொல்லால் வருவது. புதிய வைஃபையில் இணையும்போது விண்டோஸ் அதைப் ‘பப்ளிக்’ என்று கொள்வதா, ‘பிரைவேட்’ என்று கொள்வதா என்று ஓர் அமைப்பு உண்டு. நாம் ஏதும் சொல்லாவிட்டால் பப்ளிக்தான். நம்மூரில் ‘பொது’ என்றால் பொதுக்கிணறு, பொதுவழி, எல்லோருக்கும் உரியது. எனவே பகிர வேண்டும் என்றால் பொது என்று வைக்க வேண்டும், மறைக்க வேண்டும் என்றால் தனி என்று வைக்க வேண்டும் என்றே படித்தவர்களும் எண்ணுகிறார்கள். நான் கேட்ட அளவில் பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். உண்மை நேரெதிர். அந்தச் சொல் நாம் தருவதைக் குறிப்பதன்று. நாம் நிற்கும் இடத்தைக் குறிப்பது. பேருந்து நிலையத்தில் நிற்கிறேன் என்றால் கணினி வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் இருக்கிறேன் என்றால் பேசும். மோடத்தை மாற்றினாலும் கணினி அதைப் புதிய இடமாகக் கருதிப் பழைய பேச்சை நிறுத்திவிடும். ‘மோடம் மாற்றியதிலிருந்து தெரியவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. நம் திரைகளில் இந்தச் சொற்களை மொழிபெயர்த்தவர்கள் ‘வீடு’, ‘வெளியிடம்’ என்று வைத்திருந்தால் எத்தனை பேருடைய மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்!

நண்பரின் வீட்டில் இவை இரண்டும் காரணமில்லை. நான் முதலில் செய்தது, தெரியாத கணினியை அதன் எண்முகவரியால் அழைத்தது. கீழ்த்தளத்துக் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் 192.168.1.20 என்பது போல ஓர் எண் வரும். மாடிக் கணினியின் கோப்புச் சாளரத்தில், மேலே முகவரிக் கட்டத்தில், இரண்டு பின்சாய்வுக் கோடுகளை இட்டு அந்த எண்ணை எழுதினேன். கோப்புறை உடனே திறந்தது. மகள் திகைத்துப்போய், “அப்ப இது இத்தனை நாளா இங்கேதான் இருந்துச்சா, சார்?” என்று கேட்டார். இருந்தது. அதன் குரல் மாடிக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

தெரியாமல் இருப்பது வேறு, திறக்காமல் இருப்பது வேறு. இந்த ஒரு சோதனை அவ்விரண்டையும் பிரித்துவிடும். முகவரியால் திறக்கிறது என்றால் தீயரணும் அனுமதிகளும் கடவுச்சொல்லும் சரியாக இருக்கின்றன. அவற்றில் கைவைக்கக் காரணமே இல்லை. இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் அணைத்துப் பார்ப்பது, மின்விளக்கு எரியாததற்குக் கூரையைப் பிரிப்பது போன்றது.

குரல் ஏன் எட்டவில்லை? மாடிக் கணினியின் எண் 192.168.0 என்று தொடங்கியது, கீழே 192.168.1. மூன்றாவது எண் வேறுபட்டதைக் கண்டதும் எழுந்து மாடிப்படியைப் பார்த்தேன். கம்பிவழி இணையம் தரும் நிறுவனம் கீழே ஒரு மோடம் வைத்திருந்தது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வைஃபை போதவில்லை என்று ஆறு மாதங்களுக்கு முன் இன்னொரு ரவுட்டரை வாங்கி, கீழிருந்து ஒரு கேபிள் இழுத்து அதன் ‘வேன்’ துளையில் செருகியிருந்தார்கள். இப்படிச் செருகினால் அந்த ரவுட்டர் மாடியைத் தனி வலையமைப்பாக்கி, தானே முகவரி வழங்கத் தொடங்கிவிடும். ஒரு கூரையின் கீழ் இரண்டு வீடுகள். இணையம் இரண்டிலும் வரும் என்பதால் யாருக்கும் ஐயம் எழாது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வயலில் தேங்கிய நீர் வடிகாலுக்குப் போகும். வடிகால் நீர் வயலுக்கு ஏறாது. மாடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட முகவரியைக் கேட்டால் இரண்டாவது ரவுட்டர் அதைக் கீழே அனுப்பிப் பதிலை வாங்கித் தரும். கீழிருந்து மாடிக் கணினியைத் தேடினால் அதே ரவுட்டர் தடுத்துவிடும். ‘நான் இருக்கிறேன்’ என்ற அறிவிப்போ எந்தப் பக்கமும் வரப்பைத் தாண்டாது; அது ஒரு வலையமைப்புக்குள் மட்டுமே ஒலிக்கும்படி வகுக்கப்பட்டது. மாடியில் புதிதாக வாங்கிய வைஃபை அச்சுப்பொறி கீழே தெரியவில்லை என்று அவர்கள் தனியாக வைத்திருந்த புகாருக்கும் இதுவே காரணம். அதற்காக அச்சுப்பொறியைக் கடைக்கு இரண்டு முறை தூக்கிப் போயிருக்கிறார்கள்.

திருத்தம் பத்து நிமிட வேலை. கேபிளை வேன் துளையிலிருந்து எடுத்து ‘லேன்’ துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். மாடி ரவுட்டர் முகவரி வழங்குவதை, அதாவது டிஎச்சிபி என்ற வசதியை, நிறுத்த வேண்டும். அதன் சொந்த முகவரியைக் கீழ் மோடத்தின் வரிசையில் வேறு யாருக்கும் தராத ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். பல ரவுட்டர்களில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்ற ஒரே தெரிவு இவை அனைத்தையும் செய்துவிடும். ஆனால், அந்தப் பத்து நிமிடத்துக்கு முன் ஒன்றரை மணி நேரம் போயிற்று. மாடி ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. பொருத்தியவர் என்ன வைத்தார் என்று அவருக்கும் நினைவில்லை. முடிவில் ஊசியால் அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பித்தான் உள்ளே நுழைந்தோம். மின்வாரிய மீட்டரைப் பொருத்துபவர் மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டிவிட்டுத்தான் போகிறார். இணைய இணைப்பைப் பொருத்துபவர் நிர்வாகக் கடவுச்சொல்லையும், எத்தனை வலையமைப்புகள் அமைத்திருக்கிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்பதில்லை.

வேறு சில காரணங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் இணைந்த கருவி வீட்டுக் கணினிகளைப் பார்க்காது. பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்களின் அலுவலக மடிக்கணினியில் விபிஎன் இயங்கினால் வீட்டு அச்சுப்பொறி மறைந்துவிடக்கூடும். அது நிறுவனத்தின் கட்டுப்பாடு, வீட்டில் பழுதில்லை. கணினியைத் திறக்க நாம் இடும் நான்கு இலக்கப் பின் எண் வலையமைப்பு வழியே செல்லாது, கணக்கின் முழுக் கடவுச்சொல்தான் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து ஏற்காது. பலர் ‘கடவுச்சொல்லுடன் பகிர்தல்’ என்பதை அணைத்துவிடுவது இதனால்தான். ஒரு கடவுச்சொல் வைத்திருந்தால் போதும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, புரோ வகையில், அத்தகைய பெயரற்ற நுழைவை இன்னும் கண்டிப்பாக மறுக்கிறது. ரவுட்டரில் செருகிய வன்தட்டைக் கடவுச்சொல்லின்றிப் பகிர்ந்து வந்தவர்கள் அதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள். அதிராம்பட்டினம் போன்ற உப்பள ஊரில் கடைசியாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: உப்புக்காற்றில் கேபிள் முனையின் தகடுகள் பச்சை பூத்துப்போகும். அமைப்புகளை மணிக்கணக்கில் ஆராய்வதற்கு முன் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

நண்பரின் வீட்டுக்குத் திரும்புகிறேன். கேபிளை மாற்றியபின் மாடிக் கணினி இதைப் புதிய வலையமைப்பாகக் கொண்டு பப்ளிக் என்று நின்றது. பிரைவேட் ஆக்கினோம். அடுத்த நிமிடம் கீழ்த்தளத்துக் கணினியின் பெயர் தோன்றியது, அச்சுப்பொறியும் வந்தது. எல்லோரும் எழுந்து தேநீருக்குப் போகத் தயாரானார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது, அதற்குத்தான் எதிர்ப்பும் வந்தது. தீயரணை மீண்டும் இயக்கினேன். எஸ்எம்பி1-ஐ நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்தேன். கோப்புறையை ‘அனைவருக்கும்’ என்பதிலிருந்து மகளின் பெயருக்கு மாற்றிக் கடவுச்சொல் வைக்கச் சொன்னேன். “இப்பதான் தெரியுது, அதையும் ஏன் பூட்டணும்? நம்ம வீட்டுக்குள்ளதானே?” என்றார் நண்பர்.

கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் வருகிறவர்கள் எத்தனை பேருக்கு இந்த வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருப்பார் என்று கேட்டேன். அவர் கணக்குப் போட முயன்று நிறுத்திக்கொண்டார். அவர்களில் ஒருவருடைய மடிக்கணினியில் ஒரு தீநிரல் இருந்திருந்தால், கஜாவுக்குத் தப்பிய பத்திரங்களின் படங்களை அது திறந்திருந்த அந்தக் கோப்புறை வழியே பூட்டிவிட்டிருக்கும். திருத்தும் அனுமதியை நாமே எல்லோருக்கும் கொடுத்திருந்தோம்.

கீழ் மோடத்தில் விருந்தினருக்கென ஒரு தனி வைஃபை அமைத்தோம். சரிதானா என்று பார்க்க மகள் தன் மடிக்கணினியை அதில் இணைத்தார். நெட்வொர்க் பகுதி வெறுமையாக இருந்தது. எண்முகவரியை நேரடியாக இட்டும் பார்த்தார், திறக்கவில்லை. நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வெற்றுத் திரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தேங்காய்க் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துவந்து, கடைசிப் பக்கத்தில் மூன்று கடவுச்சொற்களையும் தன் கையால் எழுதிக்கொண்டார். ஆவணங்களை ஒரு வெளி வன்தட்டில் படியெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றிப் பீரோவுக்குள் வைத்தோம். இந்த முறை மேல் தட்டில்.